அட்டிலும் அடுப்பங்கரையும்

(உரையின் எழுத்து வடிவம்)



வீடு கட்டுகின்றவன் தெருப்பக்கத்தை ஊரார் கண்டு வியக்குமாறு கட்டுகின்றான். திண்ணையும் தூணும் நிலைக்கதவும் அவனுடைய செல்வத்தை வழிப்போக்கனுக்கும் எடுத்துச் சொல்லும். அவ்வீட்டின் பின்கட்டிலே, ஒளியும் காற்றும் போதாத ஒரு மூலையிலே, புகையுண்டு கறுத்த சுவர்களுக்கு இடையே ஓர் அறை ஒடுங்கிக் கிடக்கும். வீடு வீடாக இருப்பது அவ்வறையால். ஆயினும், தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்த அறிஞர் பெருமக்கள் கோட்டையை அளந்தனர், கோயிலை அளந்தனர், துறைமுகத்தையும் பழங்காசையும் ஆய்ந்தனர், அடுப்பங்கரை வாயிலில் மட்டும் அவர்தம் கால்கள் நின்றுவிட்டன. பசித்தபோது அவர்களும் அங்கிருந்து வந்ததைத்தான் உண்டனர் என்பது வேறு செய்தி.

அவ்வறையின் பெயரிலிருந்தே தொடங்கலாம். 'அடு' என்பது முதனிலை. அடுதல் என்றால் சமைத்தல். அடுகின்ற இடம் அட்டில். அடுதற்குக் கருவியானது அடுப்பு. அட்டு வைத்த உணவு அடிசில். அட்டிலுக்கே அடுக்களை என்றும் பெயர்; நெல்லையிலும் குமரியிலும் அச்சொல் இன்றும் மக்கள் வாயில் உள்ளது. இதே முதனிலைக்குக் கொல்லுதல், வெல்லுதல் என்னும் பொருள்களும் உண்டு. அடுகளம் எனின் போர்க்களம். அடுபோர் எனின் வெல்லும் போர். இவ்விருவகை அடுதலுள் ஆடவர் களத்திலே செய்ததற்கு நடுகல் எழுந்தது. பெண்டிர் நாள்தோறும் செய்ததற்கு அடுப்புக்கல் மூன்றைத் தவிர வேறு கல் எழவில்லை.

சமையல் என்பதும் செந்தமிழ்ச் சொல்லே. சமைதல் என்பது நுகர்தற்குரிய நிலையை எய்துதல். பருவமெய்திய பெண்ணைச் 'சமைந்தாள்' என்று சொல்வதும் இச்சொல்லே. அடுப்பின் முன் நிற்பவள் செய்கின்ற தொழிலோ ஒன்றன்று. அரிசியை வடிக்கின்றாள்; பொங்குகின்றாள்; கிழங்கை அவிக்கின்றாள்; கீரையைக் கடைகின்றாள்; பருப்பை மசிக்கின்றாள்; காயை வதக்குகின்றாள், பொரிக்கின்றாள், வறுக்கின்றாள்; கருவாட்டைச் சுடுகின்றாள்; இலையைத் தணலில் வாட்டுகின்றாள்; களியைக் கிண்டுகின்றாள்; கூழைத் துழாவுகின்றாள்; இறுதியில் தாளித்துக் கொட்டுகின்றாள். இவற்றுள் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தல் இயலாது. வதக்குதல் வேறு, வறுத்தல் வேறு என்பதை எந்த அகரமுதலியும் அவளுக்குக் கற்பிக்கவில்லை. நூறு பொருளைக் குறிக்க நூறு சொல் வைத்திருப்பது வளமான மொழிக்கு அடையாளம் என்பர். அவ்வளத்தின் பெரும்பங்கு ஏட்டிலிருந்து வந்ததன்று என்பதை மட்டும் மறந்துவிடுவர்.

இனி, அட்டிலின் பழைமையைக் காண்போர் முதலில் செல்ல வேண்டிய இடம் கழக நூல்கள். ஆங்கே ஒரே சொல் இருவேறு உலகங்களைக் குறித்து நிற்கின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையிலே புகார் நகரத்து அறச்சாலையின் அட்டில் வருகின்றது. அங்கே வடித்த சோற்றின் கொழுங்கஞ்சி தெருவில் ஆறுபோல ஓடுகின்றது. அதனைக் குடிக்க வந்த ஏறுகள் ஒன்றோடொன்று பொருது சேறாக்குகின்றன. அச்சேறு உலர்ந்து, தேர் ஓடித் துகளாகி, வெண்சுதை மாளிகையின் ஓவியச் சுவரில் போய்ப் படிகின்றது. இது பலரும் மேடைகளில் எடுத்தோதும் பகுதி.

நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையிலும் ஓர் அட்டில் வருகின்றது. அது மேடையில் ஏறுவதில்லை. அண்மையில் ஈன்ற நாய் ஒன்று அதில் கிடக்கின்றது. கண் திறவாத குட்டிகள் பாலில்லா முலையைப் பற்றி இழுக்க, நோவு பொறுக்காமல் அது குரைக்கின்றது. மேற்கழிகள் வீழ்ந்த பழஞ்சுவரைக் கறையான் அரித்த புழுதியிலே காளான் பூத்திருக்கின்றது. பசியால் இடை மெலிந்த பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கொய்து வந்து உப்பின்றி வேகவைக்கின்றாள். வேகவைத்தபின் அவள் செய்தது ஒன்றுண்டு. வறுமையின் இயல்பறியாதார் கண்டுவிடுவரே என்று நாணிக் கதவை அடைக்கின்றாள். அடைத்துவிட்டுச் சுற்றத்தாரோடு பகிர்ந்து உண்கின்றாள். உப்பில்லாக் கீரையிலும் பங்கு உண்டு. பார்ப்போர்க்கு மட்டும் அவ்வீட்டில் வாயில் இல்லை.

புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் காட்டும் அடுப்பும் இத்தகையதே. அடுதலை நெடுநாள் மறந்த அவ்வடுப்பிலும் காளானே பூத்திருந்தது. ஈரமும் தூசும் மட்டுமே அறிந்த அடுப்பில்தான் காளான் பூக்கும். தீ அறிந்த அடுப்பில் அது முளைக்காது. இந்த ஒன்றைக் கண்டு சொல்வதற்குப் புலவன் அடுப்பருகே சென்று பார்த்திருத்தல் வேண்டும்.

உருத்திரங்கண்ணனார்க்கும் அப்பெருமை உண்டு. கஞ்சியாற்றைப் பாடிய அவரே பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பைப் பாடினார். எயிற்றியர் இரும்புப் பூண் கட்டிய கோலால் கரம்பை நிலத்தைக் கிண்டி, எறும்புகள் சேர்த்து வைத்த புல்லரிசியை எடுக்கின்றனர். முற்றத்து விளாமர நிழலில் நிலத்தையே உரலாகக் குழித்துக் குற்றுகின்றனர். கிணற்றில் உவர்நீர் முகந்து, விளிம்பு சிதைந்த பழம்பானையை முரிந்த அடுப்பில் ஏற்றி, உலர்ந்த ஊனோடு சேர்த்து அடுகின்றனர். உரலுக்குக் கல் இல்லை, பானைக்கு முழுவாய் இல்லை, அடுப்பும் முழுதில்லை. ஆயினும் வழிவந்த பாணர்க்கு அங்கே சோறு உண்டு. 'பழந்தமிழர் உணவு' என்று ஒரே தலைப்பில் எழுதுகின்றவர்கள் புகாரின் கஞ்சியை எழுதுவதா, எறும்புப் புற்றின் அரிசியை எழுதுவதா? மாங்குடி கிழார் வன்னிலத்து ஊருக்கு வரகு, தினை, கொள், அவரை என்னும் நான்கனைத் தவிர வேறு உணவில்லை என்று எண்ணிக் காட்டுகின்றார். நெற்சோறு எல்லார்க்கும் எந்நாளும் இருந்ததில்லை. மானாவாரி நிலத்து ஏழை உழவன் வீட்டில் பொங்கலன்றும் திருமணத்தன்றும் மட்டும் நெல்லரிசி உலையேறிய காலம் மிகத் தொலைவில் இல்லை. முதியோர் பலர் அதனைக் கண்டவர்களே.

இனிப் புகை. குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாட்டு ஒன்று, புதுமணப்பெண் கணவனுக்குப் புளிக்குழம்பு ஆக்குவதைக் காட்டுகின்றது. முற்றிய தயிரைப் பிசைந்த விரலை உடுத்த துணியிலேயே துடைத்துக்கொள்கின்றாள். குவளைபோன்ற கண்களில் தாளிப்புப் புகை படிகின்றது. அவள் தானே துழாவி ஆக்கியதைக் கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் நுண்ணிதாக மலர்கின்றது. தாளிப்புக்கு அப்பாட்டில் உள்ள சொல் 'குய்' என்பது. சூடான நெய்யில் கடுகு விழும் ஓசையே சொல்லாயிற்று போலும்! இப்பாட்டுக்கு உரை வரைந்தோர் அந்த மலர்ந்த முகத்தை விரித்து விரித்து எழுதினர். கண்ணில் பட்ட புகையை அழகுக்கு அழகு சேர்த்ததாகவே கொண்டனர்.

சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் இன்னும் ஒரு படி அருகே செல்கின்றார். மதுரைப் புறஞ்சேரியில், மாதரி தந்த மனையில், கண்ணகி கோவலனுக்கு ஆக்கிய கடைசி உணவு அது. பலாக்காயும் வெள்ளரிக்காயும் மாதுளங்காயும் அரிய, அவள் மெல்விரல் சிவந்தது, முகம் வியர்த்தது, கண் சிவந்தது. வைக்கோலால் தீ மூட்டித் தந்தவள் மாதரி மகள் ஐயை. பெருங்குடி வணிகன் மகளாகப் பிறந்து, ஏவலர் சூழ வாழ்ந்தவள், ஆயர் வீட்டு அடுப்பின்முன் தனித்து நின்றபோது பட்ட பாட்டை அடிகள் ஒவ்வோர் உறுப்பாகக் காட்டினார். வாழைக்குருத்தில் அவள் இட்ட அவ்வுணவை உண்டுவிட்டே கோவலன் சிலம்பு விற்கச் சென்றான்.

இவை நூற்சான்றுகள். மண்ணுக்கடியிலும் அட்டிலின் சான்றுகள் கிடைக்கின்றன. கொடுமணலிலும் கீழடியிலும் தோண்டத் தோண்ட வந்தவை பானை ஓடுகள். அவற்றிலே தமிழி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்டுள்ளன. ஆதன் என்றும் குவிரன் ஆதன் என்றும் பெயர் பொறித்தவர் அரசருமல்லர், கல்தச்சரை ஏவிய வணிகத் தலைவருமல்லர் எனக் கருதுவது பொருந்தும். வீட்டில் புழங்கிய கலத்தைத் தமது என்று காட்ட எழுதியவர் அவர். எழுத்தறிவு எளிய மக்களிடம் பரவியிருந்தமைக்கு இன்று எடுத்துக்காட்டப்படும் பெருஞ்சான்று அரண்மனைச் சுவரிலன்றிப் பானை வயிற்றில் இருக்கின்றது.

அதனினும் வியப்பான ஒன்று கடல்கடந்து கிடைத்தது. எகிப்து நாட்டின் செங்கடற்கரையில் குசைர்-அல்-காதிம் என்னும் பழந்துறைமுகம் உள்ளது. அங்கு அகழ்ந்தெடுத்த சேமிப்புச் சாடியின் உடைந்த பகுதி ஒன்றில் தமிழி எழுத்துகள் இருந்தன. கி.மு. முதல் நூற்றாண்டினது என்று கணிக்கப்பட்ட அவ்வோட்டின் எழுத்துகளை ஐராவதம் மகாதேவன் 'பானை ஒறி' என்று படித்தார். 2007ஆம் ஆண்டில் செய்தி வெளியாயிற்று. உறியில் தொங்கவிடும் பானை என்பது பொருள். எறும்பும் பூனையும் எட்டாதவாறு வெண்ணெயையும் தயிரையும் தொங்கவிடும் அதே உறி! இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமர்க்குரிய துறையிலே ஒரு தமிழன் கரையிறங்கினான் என்பதை அறிவிக்க அங்கு எஞ்சியவற்றுள் ஒன்று, அவன் வீட்டு அடுப்பங்கரைச் சொல்.

சொற்கள் இங்கிருந்து சென்றன; பண்டங்கள் அங்கிருந்து வந்தன. கறி என்பது பழந்தமிழில் மிளகு. அதனை ஏற்றிச் செல்லவே யவனர் கலங்கள் பொன்னோடு முசிறிக்கு வந்தன என்று அகநானூறு கூறும். பின்னர் மிளகிட்டு ஆக்கிய துணையுணவுக்கே கறி என்னும் பெயர் நிலைத்தது. ஆங்கிலேயன் அச்சொல்லைத் தன் மொழியில் 'கறி' என்றே கொண்டுபோனான். மிளகுத்தண்ணீரையும் பெயரோடு கொண்டுபோய் 'முல்லிகட்டானி' ஆக்கினான்.

இன்று தமிழர் குழம்பின் நிறமும் உறைப்பும் மிளகாயால் வருகின்றன. அம்மிளகாய் இம்மண்ணில் தோன்றியதன்று. 1498இல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டில் இறங்கியபின், பதினாறாம் நூற்றாண்டிலே அமெரிக்க நிலப்பகுதியிலிருந்து அவர்களால் வந்து சேர்ந்தது. கண்ணகி மிளகாயைக் கண்டதில்லை. உருளைக்கிழங்கையும் தக்காளியையும் நிலக்கடலையையும் மரவள்ளியையும் அவள் கண்டதில்லை. இதனைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கலாம்; 'நம் பாட்டியார் வைத்த மிளகாய்க் குழம்பும் அயலானதா?' என்று வருந்தலாம். வருந்த வேண்டா. நடந்ததை ஊன்றிப் பார்த்தல் வேண்டும்.

புதிய காய் ஒன்று வந்தது. மிளகுபோல் உறைத்தது, காயாக இருந்தது, மிளகாய் ஆயிற்று. உருண்டிருந்த கிழங்கு உருளைக்கிழங்கு ஆயிற்று. மரம்போல் குச்சி நின்று வள்ளிபோல் கிழங்கு வைத்தது மரவள்ளி ஆயிற்று; சேலத்தார் அதனையே குச்சிக்கிழங்கு என்றனர்; திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் (1880–1885) அதனைப் பரப்பிய தென்கோடியில் கப்பைக்கிழங்கு என்றனர். நிலத்துள் காய்த்தது நிலக்கடலை, வேர்க்கடலை. மணத்தக்காளி போன்ற கனி கடல்கடந்து வந்தபோது அது சீமைத்தக்காளி. நாளடைவில் சீமை உதிர்ந்து தக்காளி நின்றது. எந்தப் புலவர் குழு கூடி இப்பெயர்களை முடிவு செய்தது? எந்த அரசாணை அவற்றை நாட்டில் பரப்பியது? கொல்லையில் நட்டவனும் குழம்பில் இட்டவளும் பார்த்தனர், ஒப்பிட்டனர், பெயரிட்டனர். மொழி வலுவாக இருந்த இடம் அதுவே.

எல்லாவற்றுக்கும் அவ்வாறு நிகழ்ந்தது என்று சொல்லுதல் பொய்யாகும். கொய்யாவும் அன்னாசியும் பப்பாளியும் தம் பெயரோடே வந்து குடியேறின. அலமாரி, மேசை, சாவி ஆகியவை போர்த்துகீசியன் விட்டுச்சென்றவை. ஈழத்தில் அடுக்களையின் பெயரே குசினி என மாறியது, அதுவும் போர்த்துகீசியமே. ஆனால் அக்குசினிக்குள் ஆக்கிய உணவைப் பாருங்கள். ஈழத்தார் சோறு என்பர், கறி என்பர், தேங்காய்ப்பால் குழம்பைச் சொதி என்பர். அறையின் பெயர் போயிற்று. அறைக்குள் இருந்தது போகவில்லை.

தமிழகத்திலோ இதற்கு நேர்மாறு நிகழ்ந்தது. சமையலறை என்று தமிழில் பெயர் வைத்துவிட்டு, உள்ளே 'சாதம்' வடித்தனர். சோறு என்று சொல்ல நாணம் வந்தது. சோறு உழைப்பாளியின் சொல்லாம். சாதம் மதிப்புடையார் சொல்லாம்! சாறு 'இரசம்' ஆனது. ஒரு சொல்லைத் தள்ளியோர் உண்மையில் தள்ளியது அச்சொல்லைப் பேசிய மக்களை. நல்லவேளையாகத் தமிழகத்தில் எல்லா வீட்டாரும் இவ்வாறு நாணவில்லை. தமிழ் முசுலீம் வீடுகளில் இன்றும் சோறு சோறேதான். குழம்பை ஆணம் என்று வழங்குவர். ஆணம் என்பது பழந்தமிழ்ச் சொல் என்று சொன்னால் தமிழாசிரியரே வியக்கின்றார். வைணவர் வீடுகளில் சாற்றமுது உண்டு, கறியமுது உண்டு. அக்கார அடிசில் என்னும் பெயரில் சிலப்பதிகாரக் காலத்து 'அடிசில்' உயிரோடு இருக்கின்றது. ஒருவரோடொருவர் ஒருபந்தியில் அமராத இருவேறு வீட்டார், ஒரே மொழியின் இருவேறு பழஞ்சொற்களை அவரவர் அடுப்பில் காத்து வந்திருக்கின்றனர்.

பந்தி என்று சொல்ல நேர்ந்ததால் ஒன்றைச் சொல்லாமல் போதல் நேர்மையாகாது. அடுக்களையின் புகழைப் பேசுவோர் அதன் வாயிற்படியைப் பற்றிப் பேசுவதில்லை. வீட்டிலே சாதி மிக இறுக்கமாகக் காவல் காத்த இடம் அதுவே. நெல்லை நட்டு, அறுத்து, அடித்து, தூற்றி, மூட்டை சுமந்து வந்து குதிருக்குள் கொட்டியவன் அந்நெல் சோறாகும் அறைக்குள் கால் வைத்தல் ஆகாது. அவனுக்குக் கஞ்சி, கொல்லைப்புறத்தில், கைகுவித்து ஏந்த, எட்ட நின்று ஊற்றப்பட்டது. அவ்வறையில் ஆண்டு முழுதும் வெந்தவளே, திங்களில் மூன்று நாள் அதற்குள் நுழைதல் ஆகாது என்று புறக்கடையில் உட்கார வைக்கப்பட்டாள். அந்த மூன்று நாளே அவளுக்கு ஓய்வாகவும் இருந்தது என்று சிலர் சொல்வர். ஓய்வு வேண்டும் என்றால் ஓய்வு என்றே பெயர் சொல்லித் தந்திருக்கலாம்.

அவ்வடுப்பைக் கட்டியவளும் அவளே. புற்றுமண்ணையோ ஆற்றுக்களிமண்ணையோ கொணர்ந்து, உமி கலந்து மிதித்து, கையால் பிடித்து, நிழலில் உலர்த்தி, சாணமிட்டு மெழுகினாள். கொடியடுப்பின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தோர் குறைவு. பேரடுப்பில் எரியும் தீயின் கொழுந்து உட்புழை வழியே பக்கத்திலுள்ள சிற்றடுப்புக்குச் செல்லும். பேரடுப்பில் சோறு கொதிக்க, கொடியில் குழம்பு சுடும். அல்லது பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர் காயும். தனி விறகு வேண்டா. ஒரு சுள்ளியில் இரண்டு கலம் காயும் இக்கலையைக் கண்டுபிடித்தவள் பெயர் எந்நூலிலும் இல்லை. ஆனால் கொடியடுப்புக்கும் ஒரு குறை உண்டு. புகை வெளியேற அதில் வழியில்லை. கூரையின் இடுக்கு வழியே தானாகப் போனது போக, எஞ்சியது அவள் நெஞ்சுக்குள் போயிற்று. ஈர விறகு, பனைமட்டை, சாணவறட்டி. அணையுந்தோறும் ஊதுகுழலை வாயில் வைத்து ஊதுதல். ஊதிமுடித்து மூச்சை உள்ளிழுக்கும்போது புகை முழுதும் உள்ளே. மாமியார் கண் மங்கியது முதுமையால் என்றனர். இருமல் பனியால் என்றனர்.

உலக நலவாழ்வு அமைப்பின் கணிப்பின்படி, 2020ஆம் ஆண்டில் வீட்டுக்குள் எழும் புகையால் உலகெங்கும் இறந்தோர் ஏறத்தாழ 32 இலக்கம் பேர். அவர்களுள் ஐந்து அகவைக்கு உட்பட்ட குழந்தைகள் மட்டும் 2 இலக்கத்து 37 ஆயிரத்துக்கு மேல். தாயின் இடுப்பிலும் மடியிலும் இருந்து அப்புகையை உண்ட குழந்தைகள் அவை. போர்க்கள அடுதலில் இத்துணைப் பேர் மாண்டால் உலகம் சும்மா இருக்குமா?

மருந்தைத் தேடியவரும் உண்டு. ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் ச.பி. இராசு புகைபோக்கி வைத்த மண்ணடுப்பை வகுத்து, கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லா அடுக்களை வேண்டும் என்று 1953இல் சென்னையிலிருந்து நூலே வெளியிட்டார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1983இல், நடுவண் அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தை நாடு முழுதும் தொடங்கியது. 2002இல் அது முடிந்தது. பல சிற்றூர்களில் அவ்வடுப்புகள் ஓரிரு ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. புகைபோக்கியில் கரி அடைத்தது. அதனைத் துப்புரவு செய்வதற்கு எவரும் வழி காட்டவில்லை. அடுப்பின் வாய்க்கு அவள் பானையின் அடி பொருந்தவில்லை. இத்தனை அடுப்பு கட்டியாயிற்று என்று எண்ணிக்கை எழுதப்பட்டது. அடுப்பைத் தன் கையால் பிடிக்கத் தெரிந்தவளிடம் ஒரு சொல் கேட்டிருந்தால், பானையின் அளவையாவது அவள் சொல்லியிருப்பாள்.

தமிழகத்தில் உண்மையான மாற்றம் வேறு வழியில் வந்தது. 1955ஆம் ஆண்டளவில் கோவையில் சபாபதி என்பார் மின்னாற்றலால் சுழலும் மாவரைக்கும் பொறியை ஆக்கினார். ஆட்டுக்கல்லில் குழவி சுழன்றது. பொறியில் கல்லே சுழல்கின்றது. கோவை மாவட்டத்துக் கல்லும் வார்ப்பாலைத் தொழிலும் கூடிப் பிறந்த அப்பொறி பின்னர்ப் புவிசார் குறியீடும் பெற்றது. 2007இல் தமிழக அரசு ஏழை வீடுகளுக்கு எரிவளி அடுப்பை விலையின்றி வழங்கத் தொடங்கியது. 2011 செப்டம்பர் 15 முதல் அரைக்கும் பொறிகளும் மின்விசிறியும் குடும்ப அட்டைக்கு விலையின்றித் தரப்பட்டன. நடுவண் அரசின் எரிவளி இணைப்புத் திட்டம் 2016இல் வந்தது. அரசியற் கட்சிகள் ஒன்றன் திட்டத்தை ஒன்று எள்ளி நகையாடின. வாக்குக்காகக் கொடுத்தது என்றனர். இருக்கட்டும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து உரலில் உட்கார்ந்தவளுக்கு அன்று முதல் ஒரு மணி நேரம் மிஞ்சியது. அந்த ஒரு மணி நேரத்தை அவளுக்கு இரண்டாயிரம் ஆண்டுக் காலத்தில் வேறு எவரும் கொடுத்ததில்லை.

இங்கே ஒரு குரல் எழும். 'அம்மி போயிற்று, ஆட்டுக்கல் போயிற்று, உரலும் உலக்கையும் போயின. தமிழர் வாழ்வே போயிற்று' என்று அழுகின்ற குரல். அதைக் கூர்ந்து கேட்டால் பெரும்பாலும் ஆடவர் குரலாக இருக்கும். அம்மியில் அரைத்த துவையலின் சுவையை அவர் அறிவார். அரைத்த தோளின் நோவை அறியார். அம்மி போனதற்கு அரைத்தவள் அழுததாகத் தெரியவில்லை. தமிழைக் காக்க அம்மியைக் காக்க வேண்டும் என்பவர், முதலில் ஒரு திங்கள் தாமே அதில் அரைத்துப் பார்க்கலாம், தடுப்பார் எவருமில்லை. தூயதமிழில் பேசும் வீட்டிலும் ஆடவன் உண்ட கலத்தை ஆடவன் கழுவுவது அரிதாகவே உள்ளது.

ஆனால் ஒன்று உண்மை. கருவி போனபோது அதன் சுற்றமும் போகின்றது. உலக்கை போனால் பூணும் தவிடு புடைக்கும் முறமும் போகும், பானை போனால் அதனை நிறுத்தும் பிரிமனை போகும், உறி போகும். எகிப்து வரை சென்ற சொல் தமிழ்நாட்டுச் சிறுவனுக்குத் தெரியாமற் போகும். அவற்றை எழுதி வைத்தல் வேண்டும். பாட்டிமார் இருக்கும்போதே கேட்டு எழுதுதல் வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் ஒரு பள்ளிப்பிள்ளை ஒரு சுவடி வைத்துக்கொண்டு ஓர் அடுப்பங்கரையில் ஒரு நாள் உட்கார்ந்தாலே இருநூறு சொல் கிடைக்கும்.

புதுக்கருவிகளின் பெயர் என்னாவது என்று கேட்கலாம். 'குக்கர்', 'மிக்சி', 'கிரைண்டர்' என்று அயற்பெயர்கள் அப்படியே வந்து அமர்ந்துவிட்டன. 'அழுத்தச் சமையற்கலன்' என்று நாற்காலியில் அமர்ந்து ஆக்கிய பெயர், கொதிக்கும் ஏனத்தை இறக்கி வை என்று விரைந்து சொல்ல வேண்டியவள் வாயில் நுழையாது. மின்னம்மி என்பது நுழையும். இரண்டு அசையில் அவளுக்குத் தெரிந்த அம்மி அதில் இருக்கின்றது. மண்ணெண்ணெய் என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். சீமையிலிருந்து தகரத்தில் வந்த அயற்பொருள் அது. மண்ணிலிருந்து வந்த எண்ணெய் என்று எவரோ ஒருவர் வாயில் பிறந்த பெயர், விளக்கிலும் அடுப்பிலும் நூறாண்டு எரிந்தது.

அடுப்பின் செய்தியும் அதுவே. விறகடுப்பு, உமியடுப்பு, மரத்தூளடுப்பு, கரியடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, இன்று மின்னடுப்பு. எரிவளியைக் 'கேசு' என்று சொல்லும் அதே தாய், 'கேசு அடுப்பு' என்றே சொல்கின்றாள். 'கேசு ஸ்டவ்' என்பது விளம்பரத்தில் கிடக்கின்றது. கோவையில் சுழலும் பொறிக்குள் அரிசியைக் கொட்டிப் பொத்தானை அழுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போகின்றவளை அடுத்த வீட்டுக்காரி இன்றும் 'மாவாட்டியாயிற்றா?' என்றுதான் கேட்கின்றாள்.